ஆடிப் படிக்கலாம், பட்டினி கிடந்து இளைக்கலாமா?

கல்லூரியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளும், அவர்களை அனுப்பி வைக்கும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆரணி. பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போன ஊர்.

முன்பு வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. கமண்டல நாகநதி ஓடும் ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறு ஊரில் நெய்த சேலைக்கு இந்தப் பெயரை வைத்து விற்கக் கூடாது என்று அர்த்தம்.

நெசவாளர் தெருவில் நடந்தால் "டக், டக்" என்று தறிச் சத்தம் கேட்கும். குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கால் மிதிக்கிறது. ஒரு கை கயிற்றை இழுக்கிறது. நாடா ஓடுகிறது. இன்னொரு கை ஊடையை அடித்துச் சேர்க்கிறது. கண் சரிகைக் கரையிலேயே இருக்கிறது. உடம்பும் மூளையும் சேர்ந்து செய்கிற வேலை அது.

அந்த வீட்டுப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறது. கல்லூரியில் இடம் கிடைக்கிறது. புதுச் சட்டை, புதுப் பை, புது செருப்பு. தெருவே வாசலில் நின்று வழியனுப்புகிறது.

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது?

அப்பன் நாள் முழுவதும் கால் மிதித்தான். பிள்ளை நாள் முழுவதும் பெஞ்சில் உட்காருகிறது. மாலையில் கட்டிலில் படுத்துக்கொண்டு செல்போன் பார்க்கிறது. வகுப்பில் இங்கிலீஷ் புரியவில்லை. கேட்கக் கூச்சம். பக்கத்தில் இருப்பவர் பெயர்கூடத் தெரியாது. எடை ஏறுகிறது. அல்லது, எடை ஏறிவிட்டதோ என்ற பயம் ஏறுகிறது.

முதல் வருஷத்தின் இரண்டு கஷ்டங்கள் இவை. ஒன்று மனசுக்கு. இன்னொன்று உடம்புக்கு. இரண்டும் வேறு வேறு போலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் ஒரு மருந்து உண்டு. அது விளையாட்டு.

வீட்டின் முதல் பட்டதாரி

தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போகிறவர்கள் தொகை பெரியது. 2021-22-ஆம் ஆண்டின் மத்திய அரசு உயர் கல்விக் கணக்குப்படி, 18 வயது முதல் 23 வயது வரை உள்ளவர்களின் தொகையோடு ஒப்பிட்டால், தமிழ்நாட்டில் 100-க்கு 47 பேர் உயர் கல்வியில் இருந்தார்கள். இந்தியா முழுவதற்கும் அந்தக் கணக்கு 100-க்கு 28 தான்.

பொறியியல் போன்ற தொழில் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் 2021-ல் ஒதுக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் "புதுமைப் பெண்" திட்டம் 2022-ல் வந்தது. பையன்களுக்கு "தமிழ்ப் புதல்வன்" 2024-ல் வந்தது. ஆரணிக்குப் பக்கத்தில் தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியே இருக்கிறது.

கதவு திறந்துவிட்டது. உள்ளே போன பிள்ளை தங்க வேண்டும் அல்லவா? "எனக்கு இது வராது" என்று முதல் மாதத்திலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பினால், அந்த வீட்டில் அடுத்த பிள்ளையும் கல்லூரிப் பக்கம் போக யோசிக்கும்.

மூன்று வாரம் பாடமே இல்லை!

இந்தப் பயத்தைப் போக்கக் கல்லூரிகள் ஒரு வழி கண்டன.

2011-ல் காந்திநகர் ஐ.ஐ.டி. ஒரு புது ஏற்பாடு செய்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் ஐந்து வாரம் வழக்கமான பாடம் கிடையாது. விளையாட்டு, பாட்டு, நாடகம், ஊர் சுற்றிப் பார்த்தல், கூடிப் பேசுதல் ஆகியவைதான். அதன் பிறகே வகுப்பு.

இதைப் பார்த்து அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு 2017-ல் ஒரு வழிகாட்டி போட்டது. பொறியியல் கல்லூரிகளில் முதல் மூன்று வாரம் அறிமுகப் பயிற்சி நடத்த வேண்டும் என்றது. சுமார் 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் துணை இருக்க வேண்டும். தினமும் உடற்பயிற்சி வேண்டும். ஒவ்வொரு மாணவரும் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்து, மூன்று வாரமும் அதைக் கற்க வேண்டும். தோட்ட வேலை செய்தாலும் சரி.

2019-ல் பல்கலைக்கழக மானியக் குழு மற்றக் கல்லூரிகளுக்கும் இதே மாதிரி ஒரு வழிகாட்டி கொடுத்தது. அதற்கு "தீக்ஷாரம்பம்" என்று பெயர்.

காகிதத்தில் இருப்பது இது. நடப்பில் பார்த்தால், சில இடங்களில் மூன்று வாரம் மூன்று நாளாகச் சுருங்கிவிடுகிறது. ஒருவர் மைக்கைப் பிடிப்பார். பிறகு இன்னொருவர் பிடிப்பார். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதோடு "அறிமுகப் பயிற்சி" முடிந்தது! விளையாட வேண்டிய நேரம் சொற்பொழிவில் போய்விடுகிறது.

விளையாட்டில் என்ன பாடம்?

"காசு கட்டிச் சேர்த்தது விளையாடவா?" என்று ஒரு தகப்பனார் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 2006-ல் ஒரு சோதனை வெளிவந்தது. ஒரு பகுதி மாணவர்கள் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் முதலில் படித்தார்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருந்ததை மூன்று முறை சொல்லிப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பரீட்சை. திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவில் இருந்தது. சொல்லிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்!

வினாடி-வினா, சொல் விளையாட்டு, விடுகதை எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன. புத்தகத்தை மூடிவிட்டு மூளையைத் தேட வைக்கின்றன. தோற்றால் மார்க் குறையாது. அதனால் பயம் இல்லை. பயம் இல்லாத இடத்தில்தான் "எனக்குப் புரியவில்லை" என்று வாய் திறக்கும்.

தறியிலிருந்து கம்ப்யூட்டருக்கு

ஆரணிப் பிள்ளைகளுக்கு என்றே ஓர் ஆட்டம் உண்டு. அது அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது.

ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். துளை இருக்கிற இடத்தில் ஊசி போகும். பாவு இழை எழும்பும். துளை இல்லாத இடத்தில் ஊசி நிற்கும், இழை எழும்பாது. அட்டை மாறினால் அன்னம் மயிலாகும்.

பிரான்சு தேசத்தில் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் 1804-ல் இதைக் கொண்டுவந்தார். இந்தத் துளை அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்துக்காரர் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கும் அட்டையை வைத்தார். பிற்காலத்தில் கம்ப்யூட்டர்களுக்கும் வெகு காலம் துளை அட்டையில்தான் வேலை சொன்னார்கள். கம்ப்யூட்டரின் பாஷை 0, 1 என்ற இரண்டே எழுத்து. துளை இருந்தால் 1. இல்லாவிட்டால் 0.

இதை விளையாட்டாக ஆடலாம். கட்டம் போட்ட தாளில் ஒரு மாணவர் சேலைக் கரை அன்னத்தை வரைகிறார். ஒவ்வொரு வரியாக "ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று" என்று வாசிக்கிறார். படத்தைப் பார்க்காத இன்னொரு மாணவர் தம் தாளில் கட்டங்களைக் கறுப்பாக்குகிறார். கடைசியில் அவர் தாளிலும் அன்னம் வந்து உட்காருகிறது!

அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டரின் அடிப்படை புரிந்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. "என் அப்பா தறி நெய்கிறவர்" என்று சொல்லக் கூச்சப்பட்ட பிள்ளை, அன்று வகுப்புக்கே வாத்தியாராகிவிடும்.

பல்லாங்குழியும் அப்படியே. 14 குழி. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே எண்ண வேண்டும். இதற்கு ஆப்பிரிக்காவில் "அவாரி" என்று ஓர் உறவு ஆட்டம் உண்டு. 2002-ல் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டரைக் கொண்டு அதன் எல்லா நிலைகளையும் கணக்கிட்டார்கள். இருவரும் தப்பில்லாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று கண்டார்கள். பாட்டி ஆடிய ஆட்டத்தின் உறவுக்கு அவ்வளவு மரியாதை!

ஆட்டம் வேறு, ராகிங் வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்.

"சும்மா விளையாட்டுக்கு" என்று சொல்லித்தான் ராகிங்கும் நடக்கும். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷ மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டதைத் தமிழ்நாடு மறக்காது. அதன் பிறகு ராகிங் தடைச் சட்டம் 1997-ல் வந்தது. ராகிங் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை. 10,000 ரூபாய் வரை அபராதம்.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்வது சுலபம். விளையாட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். ராகிங்கில் ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். விளையாட்டில் "நான் வரவில்லை" என்று சொல்லலாம். ராகிங்கில் சொல்ல முடியாது.

இன்னொன்றும் தெரிய வேண்டும். 2016-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதியைத் திருத்தியது. நிறம், சாதி, மதம், ஊர், பாஷை, ஏழ்மை, உடல் தோற்றம் இவற்றைச் சொல்லி ஒருவரைக் கொடுமைப்படுத்துவதும் ராகிங் என்றது. ஒரு பெண்ணை "குண்டு" என்று பட்டப்பெயர் வைத்துத் துரத்துவதும், ஒரு பையனை "ஒல்லிக்குச்சி" என்று அழவைப்பதும் இதில் சேரும். புகார் சொல்ல 1800-180-5522 என்ற இலவச எண் இருக்கிறது.

பட்டப்பெயர் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? அதிலிருந்துதான் அடுத்த ஆபத்து பிறக்கிறது.

கண்ணூரில் நடந்தது

2025 மார்ச் மாதம். கேரளத்தில் கண்ணூர் மாவட்டம். கல்லூரியில் முதல் வருஷம் படித்த 18 வயதுப் பெண் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

எடை கூடிவிடுமோ என்று பயந்து சாப்பாட்டைக் குறைத்தாள். இண்டர்நெட்டில் வந்த யோசனைகளைப் பின்பற்றினாள். கடைசியில் பெரும்பாலும் தண்ணீரிலேயே காலம் தள்ளினாள் என்று செய்திகள் வந்தன. "சாப்பிட்டால் குண்டாகிவிடுவேன்" என்ற பயமே நோயாக மாறுவதுண்டு. அந்த நோய்தான் அவளுக்கு இருந்திருக்கும் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

எதிர்த் திசையிலும் விபத்து நடக்கிறது. 2024-ல் புதுச்சேரி வாலிபர் ஒருவர் எடை குறைக்கும் அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்தார், இறந்தார். அரசு விசாரணை நடத்தியது.

இளைப்பதற்காக உயிரையே கொடுப்பதா?

எடை ஏறுவது நிஜமா?

நிஜம்தான். ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை.

அமெரிக்காவில் கல்லூரி முதல் வருஷத்தில் 15 பவுண்டு, அதாவது சுமார் 7 கிலோ, எடை ஏறும் என்று வெகு நாளாக ஒரு பேச்சு. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து 2015-ல் கணக்குப் பார்த்தார்கள். சராசரியாக ஏறியது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு! பேச்சு பெரிது, எடை சிறிது.

ஆனால் அந்த ஒன்றரைக் கிலோ வருஷா வருஷம் சேர்ந்தால்? அதற்குத் தமிழ்நாடே சாட்சி. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 வயது முதல் 49 வயது வரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் எடை மிகுந்தவர்கள் 2015-16-ல் 100-க்கு சுமார் 31 பேர். 2019-21-ல் 40 பேர். ஆண்களில் 28 பேராக இருந்தது 37 ஆயிற்று. நான்கைந்து வருஷத்தில் இவ்வளவு!

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ஆகவே, பருமனாக இருக்கிற பெண்ணுக்கும் ரத்தம் குறைவாக இருக்கலாம். அவள் பட்டினி கிடந்தால் கொழுப்பு மட்டுமா போகும்? தெம்பும் போகும். படிப்பும் போகும்.

பத்து நாளில் பத்து கிலோ: ஒரு கணக்கு

"பத்தே நாளில் பத்து கிலோ குறையலாம்" என்று செல்போனில் விளம்பரம் வருகிறது. நம்பலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உடம்பில் இருக்கும் ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. பத்து கிலோவுக்கு 77,000. பத்து நாளில் கரைக்க வேண்டும் என்றால் நாளுக்கு 7,700.

சாதாரண மனிதர் நாள் முழுவதும் செலவு செய்வதே சுமார் 2,000 முதல் 2,500 கலோரிதான். ஒரு பருக்கைகூடச் சாப்பிடாவிட்டாலும் 7,700 கரையாது. ஆக, விளம்பரம் பொய்!

பின் எப்படிச் சிலருக்கு இரண்டு நாளில் இரண்டு கிலோ குறைகிறது? அது பெரும்பாலும் தண்ணீர். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் உடம்பு சேமித்து வைத்த மாவுச்சத்தும், அதோடு ஒட்டிய தண்ணீரும் வெளியேறும். மறுபடி சாப்பிட்டதும் அதே எடை திரும்பி வரும்.

நிஜமான கணக்கு இது: வாரம் அரைக் கிலோ. அதற்கு நாளுக்கு சுமார் 550 கலோரி குறைந்தால் போதும். ஒரு மணி நேர வேக நடை, சுமார் 250. ஒரு 300 மில்லி பாட்டில் குளிர்பானத்தை விட்டால் 120. இரண்டு வடையை விட்டால் 200. ஆயிற்று, 570! மூன்று வேளைச் சாப்பாட்டையும் நிறுத்தவே வேண்டாம்.

எடையே மிகுதியா என்று முதலில் பார்க்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரம் உள்ள, வளர்ச்சி முடிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். இந்தியர்களுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் அளவுப்படி, 47 கிலோ முதல் 59 கிலோ வரை சரியான எடை. 64-க்கு மேல் போனால் பருமன். 50 கிலோ இருக்கிற பெண் "நான் குண்டு" என்று பட்டினி கிடந்தால், அவளுக்குத் தேவை ஆறுதல். அவள் சாப்பாட்டைக் கண்டு பயந்தால், சாப்பிட்டதை வாந்தி எடுத்தால், மாதவிலக்கு நின்றால், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும், மனநல உதவிக்கு 14416 எண்ணிலும் யோசனை கேட்கலாம்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய்

இப்போது இரண்டு விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

17 வயது வரை தினமும் ஒரு மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 18 வயதுக்கு மேல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம். அதாவது, வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி முதல் ஒரு மணி.

இதற்கு ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டாம். பொடி வாங்க வேண்டாம். கபடிக்குக் கோடு கிழித்தால் போதும். பூப்பந்துக்கு ஒரு வலை. கல்லூரிக்குள்ளேயே "புதையல் வேட்டை" வைத்தால் இன்னும் நல்லது. துண்டுச் சீட்டில் விடுகதை எழுதிக் கொடுக்க வேண்டும். விடை தெரிந்தால் நூலகத்துக்கு ஓட வேண்டும். அங்கே அடுத்த சீட்டு. பிறகு ஆய்வுக்கூடம், கட்டணம் கட்டும் இடம், மருத்துவ அறை, புகார்ப் பெட்டி. ஒரு மணி நேரத்தில் கல்லூரி முழுவதும் தெரிந்துவிடும். ஐந்து சிநேகிதர் கிடைப்பார்கள். உடம்பும் வியர்த்திருக்கும்.

ஒல்லி, குண்டு என்ற பேச்சே அங்கே கிடையாது. ஓட முடியாதவர் விடுகதை அவிழ்ப்பார். விடை தெரியாதவர் ஓடுவார். இருவரும் சேர்ந்தால்தான் ஜெயிக்க முடியும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

கல்லூரிகள் மூன்று வாரத்தை மூன்று வாரமாகவே நடத்த வேண்டும். அது முடிந்த பிறகும் மாலை விளையாட்டு நேரத்தை வேறு வகுப்புக்குக் கொடுத்துவிடக் கூடாது. மைதானத்தில் பெண்களுக்கும் இடம் வேண்டும். அவர்கள் விளையாடுவதற்கு நேரமும் பாதுகாப்பும் வேண்டும். விடுதிச் சாப்பாட்டில் காய், பருப்பு, கீரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாணவர்கள் செல்போன் வைத்தியத்தை நம்பக் கூடாது. பக்கத்தில் ஒருவர் சாப்பிடாமல் இருந்தால், "ஏன்?" என்று கேட்க வேண்டும்.

பெற்றோருக்கும் வேலை உண்டு. ஊருக்கு வரும் பிள்ளையைப் பார்த்ததும் "என்ன இப்படி ஊதிட்டே?" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். "என்ன இப்படி இளைச்சிட்டே?" என்று சொல்லி ஐந்து தோசையைத் தட்டில் போடவும் போடாதீர்கள்.

"உன் வகுப்பில் யாரெல்லாம் சிநேகிதர்கள்? இன்றைக்கு என்ன விளையாடினாய்?"

இந்த இரண்டு கேள்வி போதும். பதில் சுறுசுறுப்பாக வந்தால், பிள்ளை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பதில் வராவிட்டால், தறியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அறுந்த இழையை உடனே பார்த்து முடிச்சுப் போட்டால்தான் சேலை கெடாது. ஆரணிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.